மாத்திரை உறையில் ஒரு சூரியன், ஒரு நிலா

அரசு மருந்துகளை வாங்கிப் பிரித்து ஊர் ஊராக அனுப்பும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது 71. எங்கள் தெருவில் பதினொரு வீடு, ஏழில் கிழடுகள் மட்டும்தான். பிள்ளைகள் திருப்பூர், பெங்களூரு, துபாய். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பவன் நான் ஒருத்தன் என்பதால், மாதாமாதம் மாத்திரை வந்ததும் ஆளாளுக்கு மடியில் முடிந்துகொண்டு என் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். போன மாதம் பேரனுக்குக் காது குத்து என்று நாலு நாள் நான் ஊரில் இல்லை.

எதிர்வீட்டு அக்காவுக்கு 74, தனியாக இருக்கிறார். அவருக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பச்சை காலையில், வெள்ளை ராத்திரியில். பச்சை சுகருக்கு, வெள்ளை பிரஷருக்கு. இந்த முறை வந்த சுகர் மாத்திரையும் வெள்ளை. மருந்து அதே கிளிமிபிரைடு 2 மி.கி.தான், கம்பெனி மாறியதில் நிறம் மாறிவிட்டது. பச்சையைக் காணோம், சரி, டாக்டர் நிறுத்திவிட்டார் போல என்று நினைத்து, இரண்டு வெள்ளை அட்டையிலிருந்தும் ராத்திரிக்கு ஒவ்வொன்று போட்டிருக்கிறார். ஆறு மணிக்கு அரை டம்ளர் கஞ்சி, எட்டு மணிக்குச் சுகர் மாத்திரை.

விடிகாலை பஸ்ஸில் நான் வந்து இறங்கும்போது வாசலில் பாதிக் கோலம். பக்கத்தில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அக்கா உட்கார்ந்திருக்கிறார், புடவையெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. ஐம்பது வருஷமாக வாயில் வராத புருஷன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார். என் சுகர் மெஷினில் பார்த்தால் 48, ரொம்பவே இறங்கிவிட்டது. சர்க்கரை கரைத்துக் கொடுக்கலாமென்றால் வீட்டில் ஒரு சிட்டிகை இல்லை, சுகர்க்காரர் வீட்டில் சர்க்கரை எதற்கு? என் வீட்டுக்கு ஓடி எடுத்து வந்தேன். அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் முழுக்க நீடிக்குமாம், அதனால் 108-இல் ஏற்றி இரண்டு நாள் குளுகோஸ்.

முந்தின ராத்திரி மகன் போனில் கேட்டிருக்கிறான், "மாத்திரை போட்டியாம்மா?" போட்டாச்சு என்றிருக்கிறார். பொய்யில்லையே.

நான் கேட்பது ஒன்றுதான். காலை மாத்திரையை ஒரு காகித உறையில் போடுங்கள், மேலே சூரியன். ராத்திரி மாத்திரைக்கு இன்னொரு உறை, மேலே நிலா. நிறம் மாறினால் கொடுக்கும்போதே வாயால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

2021 ஆகஸ்டில் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் வாசலுக்கும் வருகிறது, அதற்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன். மாத்திரை கொண்டுவரும் பெண்ணையும் குறை சொல்லவில்லை. பை நிறையச் சுமந்து வெயிலில் நடக்கிறவள், மேலிருந்து வந்ததைத்தானே கொடுப்பாள். ஆனால் டிக்கெட்டுக்கே விலைக்கு ஒரு நிறம் வைத்திருந்தோம், இருட்டில் தடுமாறக் கூடாதென்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஓட்டுப் போடச் சின்னம் வேண்டும் என்பது முதல் பொதுத் தேர்தலிலேயே, 1952-க்குள், உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே விரல் மாத்திரை எடுக்கும்போது மட்டும் இங்கிலீஷ் படித்துவிடுமா? ஓட்டுக்கு வாசல்வரை வந்து சின்னத்தைக் காட்டுகிறார்கள், மாத்திரைக்கு நான்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

சூரியன் கட்சிச் சின்னமாயிற்றே என்று கோப்பு ஏதாவது மேசையில் நின்றுவிடப் போகிறது. சேவல் போடலாமென்றால் அதுவும் 1989-இல் தேர்தலில் நின்றதுதான். டீ டம்ளரும் பாயும் தலையணையும் போடுங்கள், எங்களுக்குப் புரியும்.

கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், மன்னியுங்கள். இரண்டு உறை, இரண்டு படம், அவ்வளவுதான் ஐயா, அம்மா. அடுத்த மாத மாத்திரை பத்தாம் தேதி வாக்கில் வரும், அதற்குள் ஆகாதென்று தெரியும். ஆகிற வரைக்கும் நான் வெளியூர் போகாமல் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு திண்ணைக் கம்பவுண்டர்