நகராட்சிக்கு 70, ஊராட்சிக்கு 100: இது என்ன கணக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான்குவழிச் சாலையில் விபத்து என்றதும் ஓட்டுநரின் அசுர வேகத்தை மட்டுமே பேசுகிறோம். அரசு அனுமதித்த வேகத்திலேயே வரும் வண்டிகூட ஊருக்குள் ஆளைக் கொன்றுவிடும் என்பதை யாரும் பேசுவதில்லை.

மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிக்கை, நடுத்தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் காருக்கு மணிக்கு 100 கி.மீ., பேருந்துக்கு 90, லாரிக்கும் பைக்குக்கும் 80, ஆட்டோவுக்கு 50 என்று உச்ச வேகம் வைத்தது. அதே கார் நகராட்சி எல்லைக்குள் 70-ஐத் தாண்டக் கூடாது. கிராம ஊராட்சிக்கு? அந்தப் பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டமே இல்லை. வீடு ஒரு பக்கமும் பள்ளிக்கூடம் மறுபக்கமுமாக ஊரையே சாலை பிளந்து சென்றாலும் 100தான். சாலையின் அகலத்தைப் பார்த்தவர்கள் அதன் ஓரத்தில் குடியிருப்பவர்களைப் பார்க்கவில்லை.

எங்கள் பகுதியில் புல்லுக்கட்டோடு நடுத்தடுப்பு இடைவெளியில் நிற்கும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். 50-இல் வரும் ஆட்டோ, 80-இல் வரும் லாரி, அதை முந்திக்கொண்டு 100-இல் வரும் கார் என மூன்று வேகத்தையும் ஒரே பார்வையில் கணித்துவிட்டு அவர்கள் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. 100 கி.மீ. என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே கார் அவ்வளவு தூரம் வந்துவிடும். வண்டி நிற்பது அதற்கும் அப்பால்தான்.

வேகவரம்பு நிர்ணயிக்கப் பொறியாளர்கள் பின்பற்றும் ஒரு முறை உண்டு. சாலையில் போகும் வண்டிகளின் வேகத்தை அளந்து, நூற்றில் 85 பேர் தாண்டாத வேகத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்வார்கள். கிராமத்துக்கு இது பொருந்தாது. அந்த நூறு பேருமே வண்டியில் போகிறவர்கள். குறுக்கே நடப்பவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 112-இன்படி, பொதுமக்களின் பாதுகாப்புக்காக மாநில அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ ஒரு குறிப்பிட்ட இடத்தில் வேகத்தைக் குறைக்கலாம். உரிய பலகையும் வைக்க வேண்டும். 2023 நவம்பரில் சென்னை போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ. என்று வரம்பு கொண்டுவந்தது. நல்ல முடிவு. அந்த அக்கறை நெடுஞ்சாலையோரக் கிராமத்துக்கும் வர வேண்டும்.

பயணம் தாமதமாகும் என்பார்கள். ஒரு கிலோமீட்டர் நீள ஊரை 100-க்குப் பதில் 50-இல் கடந்தால் கூடுதலாக ஆவது 36 நொடிதான்.

சுரங்கப்பாதையோ மேம்பாலமோ வரும்வரை, சாலை பிளந்து செல்லும் ஒவ்வொரு கிராமத்திலும் எல்லா வண்டிக்கும் 50 கி.மீ. என்று வரம்பு வைக்க வேண்டும். பலகை ஊருக்குள் வேண்டாம். வேகத்தைக் குறைக்க அவகாசம் கிடைக்கும்படி முன்னதாகவே இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு மிகாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிக்கைகூடத் தேவையில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மாவட்ட நிர்வாகங்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாமே.

– வாசகர் ஒருவர்,
உளுந்தூர்பேட்டை வட்டம்.