முதலில் டொமைன், பிறகுதான் நிறுவனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தனியுரிமை காக்கும் மின்னஞ்சல் சேவைகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எந்த நிறுவனம் நல்லது என்பதோடு நின்றுவிட்டது. சொந்த டொமைனுக்கு, அதாவது நீங்களே பதிவு செய்து வைத்திருக்கும் இணையப் பெயருக்கு, கிடைத்தது ஒரே ஒரு வரி. யோசிக்கத் தொடங்க வேண்டிய இடமே அதுதான். முகவரியில் அட் குறிக்குப் பின்னால் இருப்பது உங்கள் டொமைன் என்றால், சேவை பிடிக்காமல் போகும்போது எம்எக்ஸ் பதிவை (உங்களுக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் வரி) மாற்றிவிட்டு வேறிடம் போகலாம். ஊருக்கெல்லாம் புது முகவரி சொல்லத் தேவையில்லை. நிறுவனத்தின் டொமைன் என்றால் நீங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள். 2013 ஆகஸ்டில் லாவாபிட் என்ற மின்னஞ்சல் சேவை திடீரென்று கதவைச் சாத்தியபோது, அந்த முகவரியை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குப் பெட்டியும் போனது, முகவரியும் போனது.

நிறுவனங்களில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். புரோட்டான் சொந்த டொமைனைக் கட்டணத் திட்டத்தில் மட்டும் ஏற்கும். அதன் மெயிலைத் தண்டர்பேர்டு என்ற கணினிச் செயலியில் பார்க்க பிரிட்ஜ் என்ற துணை மென்பொருள் கணினியில் ஓட வேண்டும். அங்கே மெயிலின் தலைப்பு வரி முனைக்கு முனை குறியாக்கத்தில் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு) அடங்காது. டூட்டா தலைப்பையும் குறியாக்கும், ஆனால் ஐமேப் (வேறு செயலிகளில் மெயில் பார்க்க உதவும் பொது முறை) கிடையாது, அவர்கள் செயலியிலேயே இருக்க வேண்டும். ஃபாஸ்ட்மெயிலில் ஐமேப் உண்டு, முனைக்கு முனை குறியாக்கம் இல்லை. போஸ்டியோ சொந்த டொமைனையே ஏற்பதில்லை. எதை எடுத்தாலும், எதிர்முனையில் இருப்பவர் ஜிமெயில்காரர் என்றால் சாதாரணமாக அனுப்பும் மெயிலின் நகல் கூகுளிடம் இருக்கத்தான் செய்யும்.

ஆட்கள் சறுக்குவது டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது டொமைனின் பதிவுகள் இருக்கும் இணையப் பெயரேட்டில். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு. ஒரு டொமைனுக்கு அது ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பழைய நிறுவனத்தின் வரியை விட்டுவைத்துப் புதியதைத் தனி வரியாகச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. மெயிலைப் பெறும் சர்வர் செய்யும் சோதனை நிரந்தரப் பிழை என்று முடியும். இரண்டும் தேவையென்றால் ஒரே வரிக்குள் இரண்டு இன்க்ளூட் (ஒரு நிறுவனத்தின் சர்வர்களையும் சேர்த்துக்கொள் என்னும் குறிப்பு) போடுங்கள். அந்த வரியைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் ஆனாலும் அதே கதிதான்.

டிகிம் பதிவில் (மெயிலின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி இருக்கும் இடம்) நடப்பது வேறு கூத்து. நிறுவனம் தரும் பெயரை டொமைனோடு சேர்த்து அப்படியே ஒட்டுவோம். பதிவுகளைத் திருத்தும் பேனல்கள் பல, டொமைனைத் தாமாகவே பின்னால் சேர்க்கும். முடிவில் டொமைன் இரண்டு முறை வந்த ஒரு பெயரில் பதிவு உட்கார்ந்திருக்கும். பேனலில் எல்லாம் சரியாகத் தெரியும், சாவியோ யாருக்கும் கிடைக்காது. டிஎன்எஸ்ஸைக் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் வைத்திருப்பவர்கள், டிகிமுக்கான சிநேம் பதிவின் (வேறொரு பெயருக்குக் கைகாட்டும் பதிவு) ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, இடையில் நிற்கும் புராக்ஸியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டாலும் இதே விளைவு.

இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க் பதிவு. அதை எடுத்த எடுப்பில் ‘ரிஜெக்ட்’ (நிராகரி) என்று வைக்காதீர்கள். ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்று வைத்துச் சில வாரம், பெறும் சர்வர்கள் அனுப்பும் அறிக்கைகளைப் பாருங்கள். பில் போடும் மென்பொருள், வலைத்தளத்தின் தொடர்புப் படிவம் என்று உங்கள் பெயரில் மெயில் அனுப்புகிற, நீங்களே மறந்துபோன இடங்கள் அப்போதுதான் தெரியவரும்.

மாறும் நாளுக்கு முந்தைய நாளே எம்எக்ஸின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடிக்குக் குறையுங்கள். புதிய எம்எக்ஸைப் போட்டதும் பழையதை நீக்குங்கள். இரண்டும் இருந்தால் மெயில் இரண்டு பெட்டிக்கும் சிதறும். எம்எக்ஸை மாற்றினால் பழைய மெயில்கள் தாமாக நகர்ந்து வராது. அவற்றை ஐமேப் வழியே நகலெடுத்த பிறகே பழைய கணக்கை மூடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, டொமைனைப் புதுப்பிக்க மறப்பது. டாட் காம் டொமைன் காலாவதியானபின் பதிவாளர் (டொமைனை உங்களுக்கு விற்ற நிறுவனம்) அதிகபட்சம் 45 நாள் வைத்திருக்கலாம். அவர் நீக்கிய பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கூடுதல் கட்டணம். பிறகு முற்றிலும் விடுபடும் வரை 5 நாள். அதன்பின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் கேட்ச்-ஆல் (அந்த டொமைனின் எந்த முகவரிக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் பிடிக்கும் ஏற்பாடு) போட்டால் உங்களுக்கு வரும் கடவுச்சொல் மீட்பு மெயில் அத்தனையும் அவருக்குப் போகும். 10 ஆண்டு வரை முன்கூட்டியே கட்டலாம். பதிவாளர் கணக்கின் தொடர்பு முகவரி மட்டும் அதே டொமைனில் இருக்கக் கூடாது: டொமைன் முடங்கினால் அதை மீட்கும் மெயிலும் முடங்கிய பெட்டிக்கே போகும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாவி அது.

கட்டுரை சொல்லாத இன்னொன்று. சொந்த டொமைன் உங்களை மறைக்காது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு அலையஸ் (அதே பெட்டிக்கு வரும் மாற்று முகவரி) வைத்தாலும், டொமைன் ஒன்றே என்பதால் எல்லாம் ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும். ஆள் தெரியக் கூடாத கணக்குகளுக்கு, ஆயிரக்கணக்கானோர் பகிரும் நிறுவன டொமைனில் ஒரு அலையஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் பராமரிக்கும் வாசகர்