ஓய்ந்த செடிகளை ஊரே சேர்ந்து அகற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்காளி விலை சரிந்து, பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாத நாள்களில், ஒட்டன்சத்திரம், பாலக்கோடு போன்ற வட்டாரங்களில் செடிகளைக் காயோடு அப்படியே விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். காய் வீணாவது படத்தோடு செய்தியாகிறது. ஆனால் அந்தச் செடிகள் அதன்பிறகும் வாரக்கணக்கில் நிலத்தில் நின்று, பக்கத்துத் தோட்டத்தின் இளம் நடவை எப்படிக் கெடுக்கின்றன என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

2014-இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்டு, பின்னர் தென்மாநிலங்களுக்கும் பரவிய தக்காளி ஊசிப்புழுவின் தாய் அந்துப்பூச்சி ஒன்று 260 முட்டைகள் வரை இடக்கூடியது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். கைவிட்ட தோட்டத்தில் ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பச்சையம் தின்னப்பட்டு வெறும் தோல் மட்டும் எஞ்சிய திட்டுகளும், அவற்றுக்குள் கறுப்பாகப் புழுவின் எச்சமும் தெரியும். கத்தரித் துளைப்பானும் தண்டிலும் உதிர்ந்த சருகிலும் கூட்டுப்புழுவாகத் தங்கியிருக்கும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கள் நோய் கண்ட பழைய செடியிலிருந்தே புது நடவுக்கு வருகின்றன. புதிதாக நட்டவர் எத்தனை முறை மருந்தடித்தாலும், வரப்புக்கு அப்பால் இருந்து பூச்சி வந்துகொண்டேயிருந்தால் அந்தச் செலவு வீண்தான்.

எனவே கடைசிப் பறிப்பு முடிந்ததும் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைச் செடிகளை வேரோடு பிடுங்குவதே சரி. வேரில் முடிச்சுகள் தென்பட்டால் அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. அத்தகைய நிலத்தில் செடிகளைப் பிடுங்காமல் ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பையை ஓட்டினால் முடிச்சுகள் நொறுங்கி நிலமெங்கும் பரவும். பிடுங்கியதை வாய்க்கால் கரையில் எறிவதும் பயன் தராது. பூச்சி தாக்கிய செடிகளைக் குவித்து, பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து வெயிலில் விட்டால் உள்ளிருக்கும் புழுக்கள் வெந்து மடியும். நோயில்லாத செடிகளைச் சாணத்தோடு சேர்த்துத் தாராளமாக மட்கவைக்கலாம். அவற்றை எரிப்பது மண்ணுக்குச் சேர வேண்டியதைப் புகையாக்குவதாகும். அவரை, தட்டைப்பயறு போன்றவற்றில் நோய் இல்லையெனில் தண்டை மட்டும் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடலாம். முன்னதாகக் கட்டுக்கயிறு, சொட்டுநீர்க் குழாய், பாத்திகளை மூடும் பிளாஸ்டிக் நிலப்போர்வைத் தாள் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் உழவில் சிக்கிக் கிழிந்த தாள்கள் பல வயல்களில் கிடக்கின்றன.

இதை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. 1919-ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டத்தின்கீழ், பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கி அகற்ற வேண்டும் என்ற கட்டாயம் நம் மாநிலத்திலேயே இருந்திருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோயால் தக்காளிச் சாகுபடி நிலைகுலைந்த டொமினிக்கன் குடியரசில், 1990-களில், ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு வெள்ளை ஈ தங்கும் பயிர்களே நிலத்தில் இல்லாதபடி தடை கொண்டுவந்து, அந்தச் சாகுபடியை மீட்டார்கள்.

நம் காய்கறி வட்டாரங்களுக்கு அத்தனை நீண்ட இடைவெளி ஒத்துவராது. ஆண்டு முழுவதும் நடவும் பறிப்பும் நடக்கும் ஊர்களில் அது பிழைப்பையே பாதிக்கும். எனினும் தோட்டக்கலைத் துறையும் ஊராட்சிகளும் விவசாயிகளைக் கலந்து, கைவிட்ட செடிகளை இத்தனை நாளுக்குள் அகற்ற வேண்டும் என்று ஊருக்கு ஊர் ஒரு கெடு வைக்கலாம். அதே வேளையில், கடனில் இருப்பவரிடம் வெறும் உத்தரவை நீட்டுவது நியாயமாகாது. விலை வீழ்ந்த பருவங்களில் செடி பிடுங்கும் கூலிக்கு ஏக்கர் கணக்கில் ஓர் உதவித்தொகையும், உழவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகையின்றியும் அரசு வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காய்கறி விவசாயி ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.