வால்வெள்ளியில் இடம் தேட உதவியவர்களுக்கு

வணக்கம்.

போன சனியும் ஞாயிறும் வெள்ளவத்தையில் எங்கள் விஞ்ஞான வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் ஒரு வால்வெள்ளியில் கலம் இறக்க இடம் தேடினார்கள். தரம் 9, 10 பிள்ளைகள். உங்களில் பலருக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. நீங்கள் செய்தது என்ன என்பதை எல்லோரும் அறிய எழுத வேண்டும் போலிருந்தது.

ஒரு விண்வெளிப் பயணத்தில் யார் யார் வேலை செய்வார்கள் என்று வகுப்பில் கேட்டபோது விண்வெளி வீரர், பொறியியலாளர், கணினிக்காரர் என்று வரிசையாகச் சொன்னார்கள். எதை அளப்பது, எங்கே அளப்பது, நேரம் போதாவிட்டால் எதைக் கைவிடுவது என்று ஆலோசனை சொல்கிற விஞ்ஞானிகள் குழுவை ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. அந்தக் குழுவின் கதிரையில் இவர்களை இருத்திப் பார்ப்போம் என்ற எண்ணம் அன்றைக்கு வந்ததுதான்.

ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் ரொசெட்டா பயணத்தை எடுத்துக்கொண்டோம். 2004 மார்ச்சில் புறப்பட்ட கலம் 2014 ஓகஸ்ட் 6இல்தான் 67பி என்ற வால்வெள்ளியை அடைந்தது. கிட்டப் போகும்வரை அதன் உருவம் யாருக்கும் சரியாகத் தெரியாது. போய்ப் பார்த்தால் தாரா மாதிரி ஒரு தலை, ஒரு உடம்பு, நடுவில் கழுத்து! ஃபிலே என்ற சிறிய கலத்தை நவம்பரில் அதில் இறக்கியாக வேண்டும். வால்வெள்ளி சூரியனை நெருங்க நெருங்க வாயுவும் தூசும் கூடிவிடும் என்பதால் தள்ளிப்போடவும் முடியாது. அந்தப் பயணத்தின் விஞ்ஞானிகளும் பொறியியலாளர்களும் பிரான்சின் துலூஸ் நகரில் ஒரு வார இறுதியில் கூடி, பத்து இடங்களை ஐந்தாகக் குறைத்தார்கள். இடங்களுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். செப்டெம்பர் நடுவில் திரும்பக் கூடி ஒன்றைத் தெரிவுசெய்தார்கள். அந்தக் கூட்டங்களைத்தான் நாங்கள் ஒரு சனிக்கிழமைக்குள் அடக்கினோம்.

தருவதாகச் சொன்ன மண்டபம் இரண்டு நாளுக்கு முன் இல்லையென்று ஆனது. அன்று இரவே தன் வீட்டு மேல்மாடியைத் திறந்துவிட்ட அன்ரி, நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதிரை மட்டும் எத்தனை வேண்டும் என்று கேட்டீர்கள். காலி வீதியில் அச்சுக்கடை வைத்திருக்கும் அண்ணா, வால்வெள்ளிப் படங்களைப் பெரிதாக அடித்துவிட்டுக் கடதாசிக் காசு மட்டும் வாங்கினீர்கள். ஆங்கிலக் குறிப்புகளை இரண்டு இரவு விழித்திருந்து தமிழாக்கிய தங்கச்சி, உங்கள் பக்கங்கள் இல்லாமல் பாதிப் பிள்ளைகள் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ரெஜிபோமில் வால்வெள்ளி செதுக்கிக்கொண்டு வந்த அப்பாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நிஜத்தில் நாலு கிலோமீற்றர், உங்கள் மாதிரியில் எண்பது சென்ரிமீற்றர். இறங்கும்போது பிசகு வரலாம் என்பதால் ஒரு கிலோமீற்றர் அகலத்தையாவது பார்க்க வேண்டும். உங்கள் கணக்கில் அது இருபது சென்ரிமீற்றர், ஒரு சின்னத் தட்டின் அளவு. பிள்ளைகள் அந்தத் தட்டை எங்கே வைத்தாலும் கீழே ஒரு சரிவு, இல்லாவிட்டால் பாறைகள். குறையில்லாத இடமே கிடையாது என்று நான் பத்துத் தரம் சொல்லியிருந்தாலும் இப்படி விளங்கியிராது.

யன்னலை மூடி, டோர்ச்சைச் சூரியனாகப் பிடித்து, மாதிரியை மெதுவாகச் சுற்றினோம். பி என்ற இடம் தட்டையாக இருந்தும் வெளிச்சம் காணாது, அதோடு பாறைகள். வெளிச்சம் இல்லையென்றால் பற்றரி திரும்ப ஏறாது. கடைசியில் சியும் ஜேயும் மிஞ்சின. மேடு, பள்ளம், சமவெளி, பளிச்சென்ற பொருள் எல்லாம் சியில் இருந்ததால் பெரும்பான்மை அங்கே சாய்ந்தது. கொன்சேர்ட் என்ற கருவிக்கான குழுவில் இருந்த பிள்ளை ஒருத்தி மட்டும் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய கருவி ரேடியோ அலையை வால்வெள்ளிக்குள்ளால் அனுப்பி உட்புறத்தை ஆராய்வது. அதற்கு ஜே உகந்தது என்று குறிப்பில் இருந்ததைக் காட்டிக் காட்டி வாதாடினாள். மற்றவர்கள் சத்தம் போட, கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் தெஹிவளையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த புவிச்சரிதவியல் ஐயா முதல்முறையாக வாய் திறந்தார். "அவளுடைய மறுப்பையும் காரணத்தோடு கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்" என்றார். அவ்வளவுதான். எழுதினார்கள். பிறகு, துலூஸில் ஒருமனதாகத் தெரிவுசெய்தது ஜேயைத்தான், சி மாற்றிடம் என்று நான் சொன்னபோது யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அந்தக் குறிப்பைத் திரும்ப எடுத்து வாசித்தார்கள். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் கடினம். 2014 நவம்பர் 12இல் ஃபிலே குறித்த இடத்துக்கு மிகக் கிட்டத்தான் இறங்கியது. ஆனால் நங்கூர ஈட்டிகள் பாயவில்லை. பூமியில் நூறு கிலோ இருந்த கலம் அங்கே ஒரு கிராம் அளவுதான் கனம். துள்ளி எழும்பி இரண்டு மணித்தியாலம் மிதந்து, கடைசியில் ஒரு நிழலுக்குள் போய் நின்றது. பற்றரி இரண்டரை நாளுக்குத்தான் காணும். சரி, பத்துக் கருவிகளில் எதை முதலில் இயக்குவது? இரசாயன மிஸ், நீங்கள் அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்தீர்களே, அது பெரிய உதவி. அசையாத கருவிகள் முதலில், துளைப்பது கடைசியில் என்று துளைகருவிக் குழுப் பையனே சொன்னான். துளைக்கப் போய்க் கலம் புரண்டால் மற்றவர்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது என்றான். உண்மையான குழுவும் அசையும் கருவிகளைப் பிந்தித்தான் இயக்கியது.

அப்புறம் மிஸ், நீங்கள் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெருமவைப் பற்றிச் சொன்னீர்கள். 1969இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதைக் காட்டிய நாசா ஆய்வில் நம் நாட்டவர் ஒருவர் இருந்தார் என்று கேட்டதும், ஃபிலே வால்வெள்ளித் தூசில் கண்ட 16 சேதனச் சேர்வைகளின் பெயர்களையும் பலகையில் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

அந்தச் சாப்பாட்டைக் கட்டித் தந்த அம்மாமாருக்கும், பிள்ளைகளின் ஞாயிறு ரியூசனை ஒரு நாள் விட்டுக்கொடுத்த பெற்றோருக்கும் நன்றி. கொழும்பில் அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று எனக்குத் தெரியும்.

வால்வெள்ளி இன்னும் அன்ரியின் மாடியில்தான் இருக்கிறது. கழுத்தில் மட்டும் ஒரு சின்ன வெடிப்பு. ஐந்து இடங்களின் குறிப்புகளும் தமிழில் தயாராக இருக்கின்றன. எந்தப் பாடசாலையாவது கேட்டால் பிள்ளைகளே தூக்கிக்கொண்டு வந்து நடத்தித் தருவதாகச் சொல்கிறார்கள்.

அன்புடன்,
வகுப்பு ஆசிரியை,
இருபத்திரண்டு பிள்ளைகளின் சார்பிலும்
வெள்ளவத்தை, கொழும்பு