கஞ்சாக் குற்றப் பதிவுக்கு மன்னிப்புக் கேட்கும் படிவத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கஞ்சாவைச் சட்டமாக்கியதால்தான் எங்கள் பிள்ளைகள் கெட்டார்கள், கனடாத் தமிழ்ச் சமூகம் முழுவதும் அதை அன்றே எதிர்த்தது என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதே இதழின் ஊர்ச் செய்திப் பக்கத்தில், பருத்தித்துறைக் கரையில் கேரளக் கஞ்சாவுடன் இருவர் கைது என்று ஒரு பெட்டிச் செய்தி. ஊரை விட்டு வந்து 33 வருடமாகியும் அந்தச் சொல்லைக் கண்டால் எனக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கும். மணமும் ஒத்துவராது. எங்கள் கட்டடத்து லிப்டில் சில நாட்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் மாடிக்குப் போகிறவன் நான். ஆகவே இதைக் கஞ்சாவுக்கு வக்காலத்து என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் ‘சமூகம் முழுவதும்’ என்றது யாரைக் கேட்டு? 2015 தேர்தலில் லிபரல் கட்சித் தலைவர் ட்ரூடோ இதை வெளிப்படையாகச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார். ஸ்காபரோவின் அத்தனை தொகுதிகளும் லிபரலுக்கே போயின. கஞ்சாவுக்காக யாரும் போடவில்லை, அது எனக்கும் தெரியும். நாங்கள் குடிவரவைப் பார்த்துப் போட்டோம். என்றாலும் கோயில் மண்டபத்தில் நாலு பேர் உரத்துச் சொன்னதை எல்லோருடைய எண்ணமென்று எழுதுவது சரியா? அந்தத் தேர்தலில் கன்சவேட்டிவ் கட்சி சீன, பஞ்சாபிப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டது. ட்ரூடோ வந்தால் சிறுவர் கைக்குக் கஞ்சா சுலபமாகப் போகும் என்பது அதன் சாரம். வெளிநாட்டிலிருந்து வந்த தாய் தகப்பனை இப்படிப் பயமுறுத்தினால் போதும் என்பது அவர்களின் கணக்கு. உங்கள் தலையங்கத்தை வாசித்தபோது எனக்கு அந்த விளம்பரங்கள்தான் ஞாபகம் வந்தன.

கடை வந்துதான் பிள்ளை கெட்டது என்கிறீர்களே, என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இதுவரை வெளியில் சொன்னதில்லை.

2008 இல் மகனுக்கு இருபது வயது. பூங்காவில் சிநேகிதர்களோடு நின்றவனைப் பொலிஸ் மறித்தது. சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம். அப்போது கஞ்சாக் கடையும் இல்லை, அதை அனுமதிக்கும் சட்டமும் இல்லை. ஒன்ராறியோவில் முதல் கடைகள் திறந்தது 2019 ஏப்ரலில். வழக்கறிஞர் வைத்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, குற்றத்தை ஒப்புக்கொள், கெதியாய் முடிந்துவிடும் என்று அவனுக்குச் சொன்னது நான்தான். சிறிய அபராதத்தோடு முடிந்தது. குற்றப் பதிவு முடியவில்லை. பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலை ஒன்று கைக்கு வந்த நேரம் பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள், வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு அப்படியான வேலைகளுக்கு அவன் விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டான்.

பிரதமராக இருந்த ட்ரூடோவே 2017 இல் ஒரு கூட்டத்தில் சொன்னார்: அவருடைய தம்பி மிஷெலும் இப்படித்தான் பிடிபட்டார், முன்னாள் பிரதமரான அப்பா தன் செல்வாக்கால் நல்ல வழக்கறிஞரைப் பிடித்துப் பதிவு ஏதும் விழாமல் பார்த்துக்கொண்டார். டிவியில் அதைக் கேட்டபோது மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வருடமே ரொறொன்ரோ ஸ்டார் பத்திரிகை பொலிஸ் தரவுகளை எடுத்து அலசியது. சிறிய அளவு கஞ்சாவுக்குக் கைதானவர்களில், முன்குற்றம் எதுவும் இல்லாத கறுப்பினத்தவர், அதே நிலையிலுள்ள வெள்ளையரைவிட மூன்று மடங்கு கூடுதலாகப் பிடிபட்டிருந்தார்கள். பத்திரிகை செய்ய வேண்டிய வேலை இது என்று அன்றைக்கு நினைத்தேன்.

2018 ஒக்டோபர் 17 இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மார்க்கம் மாநகரசபை கடையே வேண்டாம் என்று தீர்மானித்ததை நீங்கள் முன்பக்கத்தில் வெற்றி மாதிரிப் போட்டீர்கள். ஸ்டீல்ஸ் வீதியின் வடக்குப் பக்கம் மார்க்கம், தெற்குப் பக்கம் ரொறொன்ரோ. ரொறொன்ரோ கடைகளுக்கு ஓம் சொல்லியிருந்தது. வீதியைக் கடக்கப் பஞ்சி என்றால் மாகாண அரசே தபாலிலும் அனுப்பும். சரி, அது அவரவர் ஊர்க்காரர் பாடு.

எனக்கு ஆறாதது வேறு. 2019 ஓகஸ்டில் இன்னொரு சட்டம் வந்தது. கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை பெற்றவர்கள் மன்னிப்பாக அந்தப் பதிவை ஒதுக்கிவைக்கும்படி ஒரு படிவத்தில் விண்ணப்பிக்கலாம், அன்று வழமையாக இருந்த 631 டொலர் கட்டணம் இல்லை, காத்திருக்கும் காலமும் இல்லை. பத்தாயிரம் பேராவது பயன்பெறுவார்கள் என்று அரசு கணக்குப் போட்டது. முதல் இரண்டு வருடத்தில் கிடைத்தது ஐந்நூறு பேருக்குக்கூட இல்லை. கைரேகை, நீதிமன்றக் கடிதம் என்று அலைச்சல் ஒரு பக்கம். அப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரியாதது மறு பக்கம். எனக்குத் தெரியாது. நான் வாசிப்பது உங்கள் பத்திரிகையைத்தான், வாராவாரம், மரண அறிவித்தல் உட்பட. ஒரு வரி வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். 2021 இல் மகனோடு வேலை செய்யும் ஒரு ஜமேக்கப் பையன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த வருடமே விண்ணப்பித்தான், கிடைத்தது.

தலையங்கத்தில் கஞ்சாவைத் திட்டுங்கள், அது உங்கள் உரிமை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுத்தால் 14 வருடம் வரை சிறை என்பதையும், பதிவுக்கு மன்னிப்புக் கிடைத்தாலும் அமெரிக்க எல்லையில் அதை ஏற்க மாட்டார்கள் என்பதையும், போதையில் வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் நிரந்தர வதிவிட உரிமைக்கே ஆபத்து என்பதையும் பக்கத்தில் ஒரு பெட்டி கட்டிப் போடுங்கள். லொறி ஓடுகிறவர்களும் இப்போது வந்திறங்கிய மாணவர்களும் உங்கள் பத்திரிகையைக் கடை வாசலில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ