டாக்டரம்மாவா, அண்ணியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அரசியல் குடும்பத்துக்கு மருமகளா போன பெண்களைப் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன், அதுல ஒரு வரி முள்ளு மாதிரி உள்ள நிக்குது. டாக்டருக்குப் படிச்சவங்ககூட கல்யாணத்துக்கு அப்புறம் பிராக்டீஸை ஒரு பொழுதுபோக்காத்தான் வச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. நான் 19 வருஷமா பொது மருத்துவம் பாக்குறேன், அதுல 16 வருஷம் அப்படி ஒரு வீட்டு மருமக. மாமா மூணு தேர்தல் நின்னவர், வீட்டுக்காரர் கட்சியில பொறுப்புல இருக்கார். பொழுதுபோக்குக்காக யாரும் காலையில எட்டு மணிக்கு ஓபில உக்காந்து மதிய சாப்பாட்டை மறந்துட்டு அறுபது பேரைப் பாக்கமாட்டாங்க சார்.

எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒண்ணுதான், உனக்கு நேரம் எப்படிம்மா கிடைக்குதுன்னு. நேரம் எப்படியோ கிடைச்சுடும், வேற வேலைக்குப் போற பெண்களுக்கும் அதே 24 மணி நேரம்தானே. உண்மையான கஷ்டம் ரகசியத்துல இருக்கு. அரசியல் வீடுன்னா அது தகவல்லயே ஓடுற வீடு, யாரு யாரைப் பாத்தாங்க, யாரு ரெண்டு நாளா வெளிய வரல, யாருக்கு உடம்பு முடியல, இதெல்லாம் அங்க பணத்துக்குச் சமம். எங்க தொழிலோ கேட்டதை வயித்துக்குள்ளயே வச்சுக்கிற தொழில். நான் தினமும் அந்த வேலையை முடிச்சுட்டு இந்த வீட்டுக்குள்ளதான் வரேன்.

கல்யாணமான புதுசுல ஒருநாள் ஓபி ரெஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து சாப்பாட்டு மேஜை மேல வச்சுட்டு கை கழுவப் போனேன். திரும்பி வந்து பாத்தா உறவுக்காரர் ஒருத்தர் அதைப் புரட்டிட்டு இருக்கார், விரலை ஒரு பேர் மேல வச்சுக்கிட்டு "இவன் எதுக்கும்மா உங்கிட்ட வந்தான்?"னு கேட்டார். தப்பா எதுவும் நினைச்சு கேக்கல, வழக்கமா கேக்குற மாதிரிதான் கேட்டார். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ரெஜிஸ்டரை வாங்கி மூடினேன், அவ்வளவுதான். தப்பு என் மேலதான், அதை வீட்டுக்கு எடுத்துட்டே வந்திருக்கக் கூடாது. அன்னைலேருந்து ஒரு பேப்பர்கூட கிளினிக்கை விட்டு வெளிய வந்ததில்ல.

அப்புறம் எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் வந்தார். மாமாவை மேடைக்கு மேடை திட்டினவர். கடைசி ஆளா உக்காந்திருந்தாங்க, அவர் மனைவி மட்டும் உள்ள எட்டிப் பாத்து "நாங்க இங்க வரலாமா டாக்டர்?"னு கேட்டாங்க. அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கல. ஒரு நோயாளி உள்ள வர்றதுக்கு இப்படி கேக்க வேண்டியிருக்குன்னா என் வாசல்ல எந்தக் கொடி தொங்குதுன்னு அவங்களுக்குத் தோணியிருக்கும். 1948ல உலக மருத்துவ சங்கம் கொண்டுவந்த ஜெனீவா உறுதிமொழியில மதம், இனம் இதோட சேத்து கட்சி அரசியலும் எனக்கும் என் நோயாளிக்கும் நடுவுல வராதுன்னு இருக்கு. படிக்கிறப்போ அந்த வார்த்தை எதுக்குன்னு யோசிச்சதில்ல, அன்னைக்குத்தான் புரிஞ்சுது. ராத்திரி வீட்ல ஜாடைமாடையா கேட்டாங்க, நான் வாயைத் திறக்கல, ஒரு வாரம் வீட்ல பேச்சு கொஞ்சம் குறைச்சலாவே இருந்துச்சு.

கட்சிக்காரங்க நல்லவங்கதான், அண்ணி அண்ணின்னு உயிரையே விடுவாங்க. ஆனா போலீஸ் கேஸ் வருதுன்னா நெஞ்சுவலின்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க அண்ணின்னு வந்து நிப்பாங்க. வலி இருந்தா ஈசிஜி எடுக்கலாம் தம்பி, இல்லைன்னா கிளம்புங்கன்னு சொல்லி சொல்லி இப்ப அந்தக் கேள்வியே வர்றதில்ல.

உங்க கட்டுரையில விட்டுப்போன பேருங்களும் இருக்கு. அமெரிக்காவுல வெர்மான்ட் கவர்னரா இருந்த ஹோவர்ட் டீனும் டாக்டர், மனைவி ஜூடித் ஸ்டைன்பெர்க்கும் டாக்டர். அவர் 2004ல ஜனாதிபதி வேட்பாளர் ஆகணும்னு ஊர் ஊரா சுத்தினப்போ இந்தம்மா தன் நோயாளிங்களை விட்டுட்டு பிரச்சாரத்துக்கு வரல. அயோவா மாநிலத்துல கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு நடக்கிறதுக்கு முந்தின நாள்தான் வந்தாங்க. பத்திரிகைங்க என்னவோ குற்றம் செஞ்ச மாதிரி எழுதுச்சு, ஏன் புருஷன் பக்கத்துல நிக்கலன்னு. மலேசியாவுல வான் அசிசா கண் டாக்டர், 14 வருஷம் அரசாங்க வேலை பாத்தவங்க, கணவர் அன்வார் 1993ல துணைப் பிரதமர் ஆனதும் வேலையை விட்டாங்க. 1998ல அவரைப் பதவியிலேருந்து தூக்கி ஜெயில்ல போட்டதும் இவங்க கட்சியையே நடத்த வேண்டி வந்துச்சு, 2018ல இவங்களே துணைப் பிரதமரும் ஆனாங்க. பெரிய சாதனைதான், நான் மறுக்கல. ஆனா 1993லயே கண் டாக்டர் வேலை அவங்க கையை விட்டுப் போச்சே, அது பதவி குடுத்து ஈடு கட்டுற விஷயமான்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வரேன். போன தேர்தலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி மாமா பிரச்சாரம் முடிச்சு வந்து செருப்பைக் கழட்டினார், காலைப் பாத்தேன், செருப்பு வார் பதிஞ்ச தடம் பள்ளமா நின்னுச்சு. கணுக்காலுக்கு மேல கட்டைவிரலால அழுத்தி எடுத்தேன், குழி அப்படியே இருக்கு, மேல எழும்பல. ராத்திரி எத்தனை தலகாணி மாமான்னு கேட்டேன். மூணுன்னார், படுத்தா மூச்சு முட்டுதாம். எனக்கு அப்பவே இதயம்தான்னு சந்தேகம். வேற டாக்டர் ஏற்கெனவே நீர் பிரியுற மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார், இவர்தான் பிரச்சார நாள்ல போடுறதில்ல. ஏன்னா போட்டா அரை மணிக்கு ஒரு தடவை போகணும், திறந்த வண்டில நின்னுக்கிட்டு எங்க போறதுன்னு கேக்குறார். நியாயமான கேள்விதான், ஆனா அந்த நியாயம் நுரையீரல்ல தேங்குற தண்ணிக்குத் தெரியாதே.

"எலக்‌ஷன் முடியுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதம்மா, என் புள்ளைகிட்டகூட"ன்னார்.

சொந்த வீட்டு ஆளுக்கு முடிஞ்சவரைக்கும் நாமளே வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு மருத்துவ நெறிகள்லயே இருக்கு, அது ஏன்னு அன்னைக்கு முழு ராத்திரியும் புரிஞ்சுது. வீட்டுக்காரர் பக்கத்துல படுத்துக்கிட்டு அப்பாவுக்கு ஏதாவதா, ஏன் ஒரு மாதிரி இருக்கேன்னு கேக்குறார், நான் அவரையே கேளுங்கன்னு சொல்லிட்டு சுவரைப் பாத்து படுத்துக்கிட்டேன். பிரான்ஸ்ல மித்தரான் ஜனாதிபதியா இருந்தப்போ 1981லயே புற்றுநோய் இருக்குன்னு தெரிஞ்சும் உடம்பு நல்லா இருக்குன்னே அறிக்கை வந்துச்சு, 1992 வரைக்கும் மூடி வச்சாங்க. அவர் 1996ல இறந்த கொஞ்ச நாள்லயே அவரோட டாக்டர் எல்லாத்தையும் புத்தகமா போட்டார், கோர்ட் அதைத் தடை பண்ணுச்சு. மறைச்சதும் அதே டாக்டர், வெளிய சொன்னதும் அதே டாக்டர். நடுராத்திரில அந்த ஆளோட நிலைமையைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

காலையில மாமாகிட்ட ரெண்டே விஷயம் சொன்னேன். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், ஆனா உங்க உடம்பு நல்லா இருக்கான்னு யாராவது என்கிட்ட கேட்டா ஆமான்னும் சொல்லமாட்டேன். இன்னைக்கே உங்க டாக்டர்கிட்ட போங்க, நான் கார்ல வரேன், உள்ள வரமாட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டார். அவர் டாக்டர் மாத்திரை போடுற நேரத்தை மாத்திக் குடுத்தார், பேசுற இடங்களைப் பாதியா குறைச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு மாமாவே புள்ளைகிட்ட சொல்லிட்டார். தேர்தல்ல கொஞ்ச ஓட்டுல தோத்துட்டார். வீட்ல ஒருத்தர் ரெண்டு பேர் இன்னும் அதை என் கணக்குலதான் வச்சிருக்காங்க, இருக்கட்டும். மாமா இப்ப ஒரு தலகாணிலதான் தூங்குறார்.

இந்தக் கடிதத்தை எழுதுறதுக்கு முன்னாடி மாமாகிட்ட கேட்டேன், உங்க விஷயம் வருது எழுதட்டுமான்னு. தாராளமா எழுதும்மான்னார். அந்த எதிர்க்கட்சிக்காரர்கிட்ட கேக்க வழியில்ல, அதனால அவரை அடையாளம் காட்டுற எல்லாத்தையும் மாத்திட்டேன், என்ன நோய்னும் சொல்லல. என் பேரைப் போட்டா அது யாருன்னு ஒரு நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க, அதனால பேரு வேண்டாம் சார், தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி