கடைசி எழுத்து ஏன் எப்போதும் டி

தருமபுரி

அன்புள்ள மாதேசு,

ரெண்டு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். திட்டுவதாக இருந்தால் இந்த வரியோடு திட்டி முடித்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். செந்தூரா மாம்பழம் வந்து சேர்ந்தது. பாதி குண்டன் வீட்டுக்குப் போய்விட்டது, ஏன் என்று உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். டோர் வலையில் மறைந்திருக்கும் தளங்களுக்கான ஆனியன் முகவரிகளில் ஆயிரத்தைத் திரட்டி, ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றி, "எல்லாமே ஒற்றைப்படை! ஒன்றுகூட வர்க்க எண் இல்லை!" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். ஆனால் கிருஷ்ணகிரி ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, எல்லா வண்டியும் டிஎன் 24 என்றே ஆரம்பிக்கிறது என்று ஆச்சரியப்படுகிற கதைதான் இது.

முகவரியில் 56 எழுத்து, எழுத்துக்கு 5 பிட், ஆக 280 பிட், அதாவது 35 பைட். முதல் 32 பைட் அந்தத் தளத்தின் அடையாளமான பொதுச்சாவி, அடுத்த 2 பைட் சரிபார்ப்பு, கடைசி பைட் பதிப்பு எண். அது எப்போதும் 3. அதனால் எந்த முகவரியை 256ஆல் வகுத்தாலும் மீதி 3; 4ஆல் வகுத்தாலும் 3. வர்க்க எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தானே, அப்புறம் எங்கே வரும்? ஏயை 0 என்று வைத்து எண்ணினால் டி 3; கடைசி எழுத்து எப்போதும் டி என்பதற்கும் இதுதான் காரணம். அதற்கு முந்தைய எழுத்தின் கடைசி மூன்று பிட் பூஜ்யம். ஆகவே அங்கே ஏ, ஐ, க்யூ, ஒய் தவிர வேறெதுவும் வராது. உன் பட்டியலில் பார்த்துக்கொள்.

இன்னொன்று. எழுத்துகளின் சராசரி 15.5 வர வேண்டிய இடத்தில் 11 வருகிறது என்று ஒரு பக்கம் முழுக்க வியந்திருக்கிறாயே, அது வியப்பில்லை, அட்டவணைப் பிழை. முகவரியை எழுதும் 32 குறி முறையான பேஸ் 32இல் ஏ 0, இஸட் 25, அதன் பிறகு 2 என்ற குறிக்கு மதிப்பு 26, 7க்கு 31. நீ 2க்கு 2, 7க்கு 7 என்றே போட்டிருக்கிறாய். அப்படிப் போட்டால் கணக்குப்படி 11தான் வரும்.

மறுபடி செய்வதானால் இப்படிச் செய். பெரிய எழுத்துகளைச் சிறியதாக்கு, முன்னே ஒட்டிய துணைப்பெயரை வெட்டு, இரட்டிப்புகளை நீக்கு. 16 எழுத்துப் பழைய வகை முகவரிகளைத் தனியே வை. அவை சாவியே அல்ல, சாவியை எஸ்எச்ஏ1 என்ற முறையில் சுருக்கி எடுத்ததன் முதல் 80 பிட், 2021இலேயே நிறுத்திவிட்டார்கள். முதல் பத்து எழுத்தையும் விட்டுவிடு, ஏனென்றால் பெயர் தெரிய வேண்டும் என்று பலர் விரும்பிய முன்பகுதி வரும்வரை புதுப்புதுச் சாவியாக உருட்டி எடுக்கிறார்கள். 52ஆம் எழுத்தில் சாவியின் கடைசி ஒரு பிட்டோடு சரிபார்ப்பு கலந்திருக்கும், 53 முதல் 56 வரை சரிபார்ப்பும் பதிப்பும். மிச்சம் 11 முதல் 51 வரை, 41 இடம். ஒவ்வொரு இடத்துக்கும் கை-வர்க்கச் சோதனை போடு, 32 குறியும் சமமாக வருகின்றனவா என்று அது காட்டும். 32 குறி என்பதால் கட்டின்மைப் படி (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) 31, அதற்கு 5 சதவீத வரம்பு 44.99. 41 இடத்தில் சும்மாவே இரண்டு இடம் தாண்டும். உன் 17ஆம் இடமும் 38ஆம் இடமும் அந்த ரகம். இந்த 41 இடத்துக்குள் ஒரே எழுத்து அடுத்தடுத்து மூன்று முறை வருவதும் ஆயிரத்தில் 36 முகவரி அளவுக்கு இயல்பு.

இதை வைத்து அடுத்த முகவரியை ஊகிக்கலாம் என்று உன் மச்சான் சொன்னானாம். சாவிகள் ஏறக்குறைய 2இன் 252ஆம் அடுக்கு. நீ ஊகித்து முடிப்பதற்குள் தொப்பூர் கணவாயே தேய்ந்துவிடும்.

இனி விளையாட்டில்லை மாதேசு. உருட்டுகிற வேலை ஒவ்வொரு எழுத்துக்கும் 32 மடங்காகப் பெருகும்: 5 எழுத்துக்கு 3.35 கோடி முயற்சி, 6க்கு 107 கோடி, 8க்கு 1.1 லட்சம் கோடி. நம் ஆட்களில் பாதிப் பேர் முதல் ஐந்தையும் கடைசி மூன்றையும் பார்த்துவிட்டுச் சரி என்று உள்ளே போகிறார்கள். கடைசி மூன்றில் ஒன்று மாறாதது, ஒன்றுக்கு நான்கே வாய்ப்பு. ஆக மொத்தம் 429 கோடி முயற்சி. நொடிக்குப் பத்து லட்சம் சாவி உருட்டும் கணினிக்கு அது 72 நிமிஷ வேலை, போலித் தளம் தயார். நடுவில் பத்து எழுத்தையாவது ஒப்பிடு. அதைவிட, சரியென்று உறுதியான முகவரியைப் புக்மார்க்கில் போட்டுவை, வேறு எங்கிருந்தும் எடுக்காதே. மச்சானிடமும் சொல், அவன்தான் எதையும் தட்டிப் பார்ப்பவன்.

ஏதாவது கண்டுபிடித்தே தீர வேண்டும் என்றால் பகா எண் தேடு. இந்த அளவு ஒற்றைப்படை எண்களில் 97க்கு ஒன்று பகா எண். ஆயிரத்தில் பத்து சுற்றிக் கிடைக்கும். முப்பதுக்கு மேல் வந்தால் போன் அடி, பஸ் பிடித்து வருகிறேன்.

அக்காவுக்கு வணக்கம் சொல்.

உன்
முனியன்